சீக்கிரம் வந்த சேதி

போன வாரம் இளம் என்ஜினீயர்கள் நீங்கள் உங்கள் அறைக்கு என்னைக் கூப்பிட்டு, நாற்காலி போட்டு, காபி கொடுத்து, மின்கம்பியைச் சோதிக்கும் அந்த எந்திரத்தைக் காட்டினீர்கள். ஏனாத்தூருக்கு அந்தப் பக்கம் வயல் நடுவே மின்கம்பியில் அது ஊர்ந்துகொண்டிருந்தது. நீங்கள் இங்கே ஏசி அறையில் உட்கார்ந்து திரையைப் பார்த்து அதை நகர்த்தினீர்கள். முன்பெல்லாம் பொத்தானை அழுத்தி மூன்று விநாடி கழித்துத்தான் அசையுமாம். புது இணைப்பு வந்த பிறகு அரை விநாடியில் அசைகிறது என்று சொல்லிக் கைதட்டி, ஆளுக்கொரு லட்டு கொடுத்தீர்கள். நான் லட்டைத் தொடவில்லை. கிழவனுக்குச் சர்க்கரை என்று நினைத்திருப்பீர்கள். எனக்குச் சர்க்கரையும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது.

உங்களில் ஒரு பெண் கேட்டாள்: "சார், உங்க டைம்ல லேட்டன்சி எவ்ளோ சார் இருந்துச்சி?"

தாமதத்தைத்தான் அப்படிச் சொல்கிறாள். "ஒரு மணி நேரம்மா" என்றேன். எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்து வைத்தேன். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றியதும் காகிதத்தை எடுத்துவைத்தேன். வாயால் சொல்ல வரவில்லை, எழுதியாவது கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். படித்துவிட்டு என்னைத் திட்டினாலும் சரி.

நான் வேலைக்குச் சேர்ந்தது அறுபதுகளின் கடைசியில், ஊருக்கு வெளியே இருந்த சப்ஸ்டேஷனில் ஆபரேட்டராக. கிராமத்து லைனில் யாராவது வேலை செய்ய வேண்டுமென்றால் நான் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். வேலை முடிந்து ஆள் கம்பத்தை விட்டு இறங்கியதும் மறுபடி போட வேண்டும். நிறுத்துவதில் ஒரு சிரமமும் இல்லை. ஆள் என் எதிரில் நின்று, புத்தகத்தில் கையெழுத்துப் போட்டு, ‘லைன் கிளியர்’ அனுமதி வாங்கிக்கொண்டு போவார். திரும்பப் போடுவதில்தான் சிக்கல். ஆள் பத்து மைலுக்கு அப்பால் மாகறல் வயலில் இருப்பார். என் கை இங்கே சுவிட்சின் மேல் இருக்கும். அவர் இறங்கிவிட்டாரா என்று நான் கண்ணால் பார்க்க முடியாது. யாராவது வந்து சொல்ல வேண்டும். உங்கள் எந்திரம் கருகினால் இன்னொன்று வாங்கிக்கொள்வீர்கள். எனக்கு அந்த முனையில் இருந்தது மனுஷன்.

அந்த மனுஷனின் பெயரைச் சொல்ல மாட்டேன். அது கடைசியாக எழுதப்பட்ட காகிதத்தில் அதற்குப் பக்கத்தில் என்ன எழுதியிருந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். நான் அவரை அண்ணே என்று கூப்பிடுவேன். மாகறல் லைனுக்கு அவர்தான் லைன்மேன். திருப்பருத்திக்குன்றத்துக்குப் பக்கத்தில் காலனியில் வீடு. அப்பா, தாத்தா எல்லோரும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். அந்தத் தெருவில் முதன்முதலாகக் காக்கிச் சட்டை போட்டவர் அவர். அதைத் தினமும் இஸ்திரி போட்டுப் போடுவார். வாய் ஒரு நிமிஷம் சும்மா இருக்காது.

காலையில் லைன் கிளியர் வாங்க வரும்போது தன் தூக்குச்சட்டியைக் கொண்டுவந்து என் மேஜையில் நங்கென்று வைப்பார்.

"நான் வந்து இத்தத் தொறக்கற வரைக்கும் நீ சுவிட்சாண்ட போவாத. சட்டி இங்க இருக்குதுன்னா ஆளு கம்பத்து மேல இருக்குறான்னு அர்த்தம், புரிஞ்சிதா?"

"சோறு ஊசிப் போச்சின்னா இன்னாண்ணே பண்ணுவ?"

"ஊசிப்போன சோத்தத் துன்னுட்டு உசுரோட இருந்துக்கினு போறேன். உனக்கென்னாபா?"

ஆனால் அவர் வேலையை முடித்துவிட்டு சைக்கிளை மிதித்து வந்து சேர ஒன்றேகால் மணி நேரம் ஆகும். அதுவரை அத்தனை கிராமத்துக்கும் மோட்டார் ஓடாது. விவசாயிகள் சத்தம் போட்டார்கள். அதனால் பஸ் கண்டக்டரிடம் சீட்டுக் கொடுத்தனுப்பும் வழக்கம் வந்தது. ஒருநாள் ‘வேலை முடிஞ்சிது, போடலாம்’ என்று எழுதி பஸ்ஸில் அனுப்பிவிட்டார். பஸ் போன பிறகு, கம்பத்தில் கம்பியைத் தாங்கும் ஒரு பீங்கான் விரிசல் விட்டிருப்பதைப் பார்த்திருக்கிறார். ‘போடாதே’ என்று இன்னொரு சீட்டு எழுதி, சைக்கிளில் வந்த ஒருவரிடம் கொடுத்திருக்கிறார். பஸ் வழியில் பஞ்சராகி நின்றுவிட்டது. சைக்கிள்காரர் அதைத் தாண்டி வந்துவிட்டார். என் கைக்கு முதலில் ‘போடாதே’ வந்தது. பத்து நிமிஷம் கழித்து ‘போடலாம்’ வந்தது. சரி, கோளாறு தீர்ந்தது போலிருக்கிறது என்று எழுந்து போனேன். போகிற வழியில் மேஜை மேல் அந்தச் சட்டியைப் பார்த்துவிட்டு, அவரே வந்து திறக்கட்டும் என்று திரும்ப உட்கார்ந்துகொண்டேன்.

அன்று வந்ததும் அவர் என்னைத் திட்டவில்லை. இரண்டு சீட்டையும் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சீட்டு பொய் சொல்லலபா. எழுதறப்போ ரெண்டுமே நெஜம்தான். வர்ற வழியில ஒண்ணு பழசாயிடுச்சி."

அதற்குப் பிறகு ஒவ்வொரு சீட்டிலும் நேரம் எழுதினார். அவரிடம் கைக்கடிகாரம் கிடையாது. ‘ரெண்டாவது பஸ் போனப்புறம் எழுதினது’ என்று எழுதுவார். எனக்கு அது சிரிப்பாக இருந்தது. இன்றைக்கு நினைத்தால், என் நாற்பது வருஷ வேலையில் நான் பார்த்த ஒரே புத்திசாலி அவர்தான்.

பிறகு மாகறல் தபால் ஆபீஸுக்கு டெலிபோன் வந்தது. எங்கள் ஜூனியர் என்ஜினீயருக்குத் தலைகால் புரியவில்லை. இனி சீட்டும் வேண்டாம், சட்டியும் வேண்டாம் என்றார். காலையில் புறப்படும்போது லைன்மேனும் நானும் ஒரு ரகசிய வார்த்தை பேசிக்கொள்ள வேண்டும். வேலை முடிந்து யார் போன் செய்தாலும் அந்த வார்த்தையைச் சொன்னால் சுவிட்சைப் போட்டுவிடலாம். அண்ணன் மனைவி வீட்டில் தறிக்காரர்களுக்குப் பட்டு நூல் சுற்றிக் கொடுப்பவர். அதனால் இவர் சொல்லும் வார்த்தையெல்லாம் தறியைச் சுற்றியே இருக்கும். ஒருநாள் ஜரிகை, ஒருநாள் ராட்டை, ஒருநாள் கோர்வை. அந்த வார்த்தை, சேதியை அனுப்பியது அவர்தான் என்பதைச் சொல்லும். எப்போது அனுப்பினார் என்பதைச் சொல்லாது. சீட்டில் இருந்த நேரம் டெலிபோனில் காணாமல் போய்விட்டது, எங்களில் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

உறைக்காததற்கு ஒரு காரணம் இருந்தது. அந்த டெலிபோன் லேசில் கிடைக்காது. வயலிலிருந்து ஒருவர் சைக்கிளில் தபால் ஆபீஸ் போகக் கால் மணி. அங்கே போன் இணைப்புக்குச் சொல்லிவிட்டுக் காத்திருக்க முக்கால் மணி. ஆக, அவர் இறங்கினேன் என்று சொல்லி ஒரு மணி நேரம் கழித்துத்தான் என் மேஜையில் மணி அடிக்கும். எண்ணி வைத்த மாதிரி ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம். அவருக்கு அது மனப்பாடம். சேதியை அனுப்பிவிட்டு, அந்த ஒரு மணி நேரத்தில் லைனோடு ஒரு நடை நடந்து, எங்கேயாவது கட்டு தளர்ந்திருந்தால் ஏறிக் கட்டிவிட்டு வருவார். என்னிடமே சொல்லியிருக்கிறார்.

"உங்க போனு வந்து சேர்றதுக்குள்ள ஒரு குளியலே போட்டுடலாம்பா. நான் ரெண்டு கம்பம் பாத்துட்டு எறங்கிடுவேன்."

அது விதிப்படி தப்பு. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வாரத்துக்கு ஒரு தரம் லைன் கிளியர் வாங்கி மறுபடி கிராமத்தை இருட்டடிக்க வேண்டாமே என்றுதான் அப்படிச் செய்தார். எந்தப் புத்தகத்திலும் எழுதாத அந்த ஒரு மணி நேரத்தின் மேல்தான் அவர் ஏறி நின்றுகொண்டிருந்தார்.

நான் அதைக் குறைத்தேன்.

ஆமாம், நான்தான். ஜூனியர் என்ஜினீயர் வாய்க்கு வாய் என்னைக் குத்திக் காட்டிக்கொண்டிருந்தார். "ஒரு போன் வாங்க ஒரு மணி நேரமாய்யா? சாமர்த்தியம் போதாதுய்யா உனக்கு." எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. ஒருநாள் ஊருக்குள் இருந்த டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு நேரே போய், அங்கே இணைப்புக் கொடுக்கும் அம்மாவிடம், மந்தாரை இலையில் சுற்றிய கோயில் இட்லியை வைத்துவிட்டுக் கெஞ்சினேன். மாகறலிலிருந்து சப்ஸ்டேஷனுக்கு வரும் அழைப்பை மட்டும் முதலில் போட்டுக் கொடுங்கள் என்றேன்.

"மத்தவங்கல்லாம் என்னை ஏசுவாங்களேப்பா. சரி போ, கரண்டு விஷயம்ன்ற. மாகறல்னு வந்தா ஒடனே உனக்குப் போட்டுடறேன்."

எனக்குக் கால் தரையில் படவில்லை. அண்ணனிடம் உடனே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏன் தெரியுமா? அசத்தலாம் என்று. அடுத்த முறை அவர் வேலை முடித்து வருவார், "இன்னாபா, இவ்ளோ சீக்கிரம் போட்டுட்ட?" என்று வாயைப் பிளப்பார், அப்போது காலை ஆட்டிக்கொண்டே சொல்லலாம் என்று இருந்தேன். அவ்வளவு அற்பமான காரணம். ஐம்பது வருஷமாகத் தேடுகிறேன், இதைவிடக் கொஞ்சம் கௌரவமான காரணம் ஒன்றும் அகப்படவில்லை.

வைகாசி மாதம். கோயில் திருவிழா. எங்கள் ஆட்கள் எல்லோரையும் ஊருக்குள் விளக்கு வேலைக்குப் போட்டுவிட்டார்கள். காற்றடித்து மாகறல் லைனில் கம்பி அறுந்து மூன்று நாள் ஆகியிருந்தது. நட்ட பயிர் காய்ந்துகொண்டிருந்தது. விவசாயிகள் இருபது பேர் சைக்கிளில் வந்து சப்ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். அண்ணனைத் தனியாகப் போகச் சொன்னார்கள்.

வந்தார். புத்தகத்தில் கையெழுத்துப் போட்டார். சட்டி வேண்டாம் என்று சொன்ன பிறகும் பழக்கம் விடவில்லை, மேஜையில் நங்கென்று வைத்தார்.

"உள்ள இன்னாண்ணே?"

"கருவாட்டுக் கொழம்பு. தொறந்து மோந்து பாத்த, கைய ஒடிச்சிடுவேன். இன்னிக்கி வார்த்த கோர்வை. வரட்டா?"

எக்ஸ்சேஞ்சு விஷயம் என் நாக்கு நுனி வரை வந்தது. வாசலில் ஆட்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

உச்சிவேளைக்குச் சற்று முன்னால் போன் மணி அடித்தது. பேசியவர் மாகறலில் நிலம் வைத்திருந்த நயினார், சமணர். எறும்பைக்கூட மிதிக்காதவர். விளையாட்டுக்குக்கூடப் பொய் பேச மாட்டார்.

"லைன்மேன் சொல்லி அனுப்பினாருப்பா. வேலை முடிஞ்சிது. எர்த்து சங்கிலியக் கழட்டியாச்சி. ஆளு கீழ எறங்கியாச்சி. வார்த்தை கோர்வை."

மேலே வேலை செய்யும்போது தவறி மின்சாரம் வந்தாலும் ஆளைக் காப்பாற்றுவது அந்தச் சங்கிலி. அதைக் கழற்றிவிட்டார் என்றால் எல்லாம் முடிந்தது என்று அர்த்தம். ஒரு சந்தேகமும் இல்லை. போன் எவ்வளவு சீக்கிரம் கிடைத்தது என்று என் மனம் பூரித்துக்கொண்டிருந்தது. ‘அவர் சொல்லி எவ்வளவு நேரம் ஆயிற்று?’ என்று நயினாரிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கால் மணிதான் என்று சொல்லியிருப்பார். எனக்குச் சுருக்கென்றிருக்கும். கேட்கவில்லை.

ரிசீவரை வைத்தேன். மேஜையில் சட்டி இருந்தது. என் கண் அதிலேயே நின்றது. பக்கத்தில் நின்ற ஜூனியர் என்ஜினீயருக்குப் பொறுக்கவில்லை.

"என்னய்யா மசமசன்னு நிக்கற? அதான் வார்த்தை வந்துடுச்சே. மொதல்ல அந்தச் சட்டியக் கீழ வையி. இது ஆபீஸ் மேஜையா, சாப்பாட்டுக் கடையா?"

என் கையாலேயே அதை எடுத்துத் தரையில் வைத்தேன். போய் சுவிட்சைப் போட்டேன்.

ஒரு கணம் சுவிட்சு போட்டபடி நின்றது. பிறகு டப்பென்று தானாக விழுந்துவிட்டது.

லைனில் எங்கேயோ ஏதோ தட்டியிருக்கிறது என்று அர்த்தம். "சார், கொஞ்சம் பொறுத்துப் பாக்கலாம் சார்" என்றேன். "காக்கா கீக்கா அடிச்சிருக்கும்யா. இன்னொரு தடவ போடு" என்றார். அப்படி ஒருமுறை போட்டுப் பார்ப்பது எங்கள் வழக்கம்தான். பத்தில் எட்டு முறை காக்கைதான். வாசலில் இருபது பேர் கதவைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்கள். போட்டேன். இந்த முறை விழாமல் நின்றது. அத்தனை பேரும் கைதட்டினார்கள். அந்தச் சத்தத்தை அதற்குப் பிறகு போன வாரம் உங்கள் அறையில்தான் கேட்டேன்.

அரை மணி கழித்து நயினார் மறுபடி கூப்பிட்டார். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"ஏம்பா... ஏம்பா அவ்ளோ சீக்கிரம் போட்ட?"

நடந்தது இதுதான். நயினாரை அனுப்பிவிட்டு அண்ணன் லைனோடு நடந்திருக்கிறார். இரண்டு கம்பம் தள்ளி, பீங்கானில் கம்பியைப் பிடித்திருந்த கட்டு அவிழ்ந்து தொங்கியிருக்கிறது. கீழே, ஈரம் காயாத பள்ளத்து வயலில் பெண்கள் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். மின்சாரம் வந்த பிறகு கம்பி நழுவி விழுந்தால் அத்தனை பேரும் அங்கேயே போய்ச் சேருவார்கள். "சேதி போய்ச் சேர இன்னும் முக்கா மணி ஆவும்மா. அதுக்குள்ள கட்டிட்டு எறங்கிடறேன், நீங்க வேலையப் பாருங்க" என்று அவர்களிடம் சொல்லிவிட்டு ஏறியிருக்கிறார். ஐந்து நிமிஷ வேலைக்குச் சங்கிலி எதற்கு என்று போடாமல் ஏறியிருக்கிறார்.

விசாரணைக்கு வெளியூரிலிருந்து அதிகாரி வந்தார். புத்தகத்தைப் பார்த்தார், எல்லாம் ஒழுங்காக இருந்தது. "வார்த்தை சரியா வந்துதா?" என்று கேட்டார். "வந்துதுங்க" என்றேன். "எறங்கிட்டேன்னு சொல்லி அனுப்பின ஆளு மறுபடி ஏன் ஏறணும்? சங்கிலி ஏன் போடலை?" வழக்கமாகச் சேதி வர எவ்வளவு நேரம் ஆகும், அன்றைக்கு எவ்வளவு ஆயிற்று என்று அவர் கேட்கவில்லை. கேட்காததை நானும் சொல்லவில்லை. அறிக்கையில் அண்ணன் பெயருக்குப் பக்கத்தில் ‘சொந்தக் கவனக்குறைவு’ என்று எழுதினார்கள். அந்த இரண்டு வார்த்தையால் அவர் வீட்டில் யாருக்கும் வாரிசு வேலை கிடைக்கவில்லை. எனக்கு அடுத்த வருஷமே பதவி உயர்வு வந்தது. வாங்கிக்கொண்டேன்.

நயினார் தன் கிணற்று மோட்டாரைக் கழற்றிப் போட்டுவிட்டார். சாகும் வரை மாடு கட்டித்தான் இறைத்தார். "என் வாயால ஒரு உசுரு போச்சி" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வாராம். அவரைத் தேடிப் போய், உங்கள் சேதியில் ஒரு பிழையும் இல்லை ஐயா, அதை ஓடவைத்தவன் நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் துணிச்சல் வரவில்லை.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அன்று உங்கள் திரையின் ஓரத்தில், எந்திரத்துக்குப் பக்கத்தில் ஏணி வண்டியில் இரண்டு பேர் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்தேன். அது சிக்கிக்கொண்டால் எடுத்துவிடுகிறவர்கள். போனில் ‘நகர்த்தறோம்’ என்று நீங்கள் சொன்னதும், அவர்கள் ஒரு இழுப்பு இழுத்துச் சரிசெய்துவிட்டு, பிறகு கையை எடுத்தார்கள். மூன்று விநாடி என்பது அவர்கள் உடம்புக்குள் போய்விட்டது. அது அரை விநாடி ஆகிவிட்டதை அவர்களிடம் யார் சொன்னீர்கள்? லட்டு அவர்களுக்குப் போயிற்றா? தாமதம் எவ்வளவு இருந்தாலும் ஆள் பழகிக்கொள்வான். அவன் பழகியதை அவனிடம் சொல்லாமல் மாற்றாதீர்கள். கூட்டினாலும் சொல்லுங்கள், குறைத்தாலும் சொல்லுங்கள். குறைத்தால் முதலில் சொல்லுங்கள். எழுதி முடித்ததும் இந்தக் காகிதத்தை நானே கொண்டுவந்து தருகிறேன். இந்த வரி வரை படித்ததும் அவர்களுக்கு ஒரு போன் போடுங்கள்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, அண்ணன் மனைவி சப்ஸ்டேஷனுக்கு வந்தார். தூக்குச்சட்டியைக் கேட்டார். நான் அதைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தேன். எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போகாமல் நின்றார். அழவில்லை. யோசித்து யோசித்துப் பார்த்து விடை தெரியாத ஒன்றைக் கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

"ஏந்தம்பி, மாகறல்லேர்ந்து சேதி வர ஒரு மணி நேரம் ஆவும்னு எப்பவும் சொல்லிக்கினு இருப்பாரே. அன்னிக்கி மட்டும் ஏம்பா ஆவல?"

அத்தனை அதிகாரிகளில் ஒருவருக்கும் தோன்றாத கேள்வி. ராட்டையில் நூல் சுற்றுகிற அந்த அம்மா கேட்டுவிட்டார்.

"அன்னிக்கி லைன் சும்மா இருந்துச்சிக்கா. ஒடனே கெடச்சிடுச்சி" என்றேன்.

தலையை ஆட்டினார். "எங்க நேரம்பா, வேற இன்னா சொல்றது. நீ மனசுல வச்சிக்காத. உன்ன அவருக்கு ரொம்பப் புடிக்கும்" என்று சொல்லி, என் கையைத் தொட்டுவிட்டுப் போனார்.

அந்த அம்மா இறந்து ஆறு வருஷம் ஆகிறது. அதே தெருவில்தான் இருந்தார். என் வீட்டிலிருந்து சைக்கிளில் கால் மணி நேரம்.